திரை மறைத்த சுவர்

புயல் குதறிப்போட்ட வீட்டை அரசு அதிகாரி பார்க்க வருகிறார் என்றதும் தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வருகிறவர் முன்னால் வீடு அலங்கோலமாகக் கிடந்தால் பாழாய்ப்போன மானம் என்னாவது? சேற்றை வழித்துக் கழுவினாள். இடிந்த பின்சுவரை மறைத்துத் திரைச்சீலை தொங்கவிட்டாள்.

அதிகாரி வாசலில் நின்றே போனில் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார். "உங்க வீடு நல்லாத்தானேம்மா இருக்கு. இடிஞ்சதுக்குத்தான் புயல் தாங்குற வீடு கட்டித் தருவாங்க."

அவள் திரையைப் பிடுங்கி எறிந்தாள். சுவர் இருந்த இடத்தில் கடல் தெரிந்தது.

"ஒரு வீட்டுக்கு ஒரு படம்தான்மா ஏறும்" என்றவர் அடுத்த வீட்டுக்கு நடந்தார். அந்த வீட்டு அக்கா வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

இவள் தொண்டை கிழியக் கத்தினாள். "வாரின சேத்தை உள்ளயே கொட்டுக்கா."