பஞ்சுத்தாடிப் பேராயர்

எங்கள் சபைச் செயலர் அய்யாத்துரை அண்ணாச்சிக்கு ராஜா வேடத்தைத் தவிர வேறெதுவும் பொருந்தாதாம். அவரே சொன்னார். குத்துக்கல்வலசை சபையின் ஸ்தோத்திரப் பண்டிகைக்காக, மிலான் நகரத்துப் பேராயர் அம்புரோஸின் வாழ்க்கையை நாடகமாக எழுதியவன் நான், ஞாயிறு பள்ளி வாத்தியார் ஜெஸ்வின். பஞ்சுத்தாடி ஒட்டிக்கொண்டு அம்புரோஸாக நடித்தவனும் நான்தான்.

அம்புரோஸ் முதலில் ஆளுநராக இருந்தவர். பேராயர் தேர்தலில் அடிதடி வந்துவிடக் கூடாதே என்று சமாதானம் பேசப் போனவரையே சனங்கள் பேராயராக்கிவிட்டார்கள். எங்கள் சபைத் தேர்தலில் சமாதானம் பேசப் போனால் மண்டைதான் உடையும். பிறகு, ஆயிரக்கணக்கானவர்களைக் கொல்லச் சொன்ன பேரரசனிடம், மனந்திரும்பாமல் கோயிலுக்குள் வராதே என்றார் அந்த மனிதர்.

அண்ணாச்சி மேடையில் முழங்கால் போட்டு அழுதார். என்ன அழுகை! பெண்கள் தன்னைப் பார்க்கிறார்களா என்று ஒற்றைக் கண்ணால் கவனித்துக்கொண்டே அழுதார். கூட்டம் கைதட்டியது. "உள்ளே வா, மகனே" என்று நான் கையைத் தூக்கியபோது எனக்கே மெய்சிலிர்த்தது. மடையன் நான்.

அடுத்தது அசனம். சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. விலக்கி வைக்கப்பட்டவர் அந்தப் பந்தியில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால், சபை அவரைச் சேர்த்துக்கொண்டதாக அர்த்தம். அதற்குப் பிறகு எந்தச் செயலராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பண்பொழி ஊர் இந்துப் பையன் குத்தாலிங்கத்தைக் கட்டிக்கொண்டதற்காக, எங்கள் சபைப் பெண் முத்துசெல்வியின் பெயரைப் பதிவேட்டில் அடித்தவர் அண்ணாச்சி. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்டு நாலு தடவை வந்தாள். நாலு தடவையும் வாசலோடு அனுப்பினார். இன்று அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நடுப்பந்தியில் உட்கார்ந்திருந்தாள்.

சோற்று வாளி என் கையில். அங்கியைக் கழற்றக்கூட நேரமில்லை.

"ஏலே ஜெஸ்வின், அந்த இலைக்குப் போடாத." அண்ணாச்சிதான். காகிதக் கிரீடம் தலையில் அப்படியே இருந்தது. "ராசாவையே வாசல்ல நிறுத்துன சபை இது. இவ யாருலே?"

குற்றவாளியாக நடித்தவர், தீர்ப்புச் சொல்கிற பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அந்த மண்டைக்குள் வேறெது ஏறும்?

முத்துசெல்வி அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஒரு கரண்டி போடுங்கண்ணே. ஒரு வாய்தான் திம்பேன். பிள்ளைக்காவத்தான் கேக்கேன்."

அம்புரோஸ் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். வசனமே நான் எழுதியதுதானே. கரண்டியில் சோற்றை அள்ளியும்விட்டேன். ஞாயிறு பள்ளி வாத்தியாரை வைப்பதும் நீக்குவதும் அண்ணாச்சி கையில் இருக்கிறது என்பது அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தது.

அவள் இலையைத் தாண்டினேன். அந்தச் சோற்றை அடுத்த இலையில் போட்டேன்.

"பிஷப்பய்யா, இன்னுங் கொஞ்சம்" என்றார் அந்த இலைக்காரர், சிரித்துக்கொண்டே.

போட்டேன்.