முன்சக்கரத்துப் பொட்டு

நான் கட்டிய கியர் பெட்டி உடைந்துவிட்டது என்று ரேஸ் ஓட்டுகிறவர்கள் முந்நூறு பேர் இருக்கும் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சனிக்கிழமை மாலை ஜெராமில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், கைப்பேசி விடாமல் அடிக்கிறது. திறந்தால் படம். பந்தயத் தடத்து ஓரத்தில், என்னிடம் பெட்டி கட்டிய தேவனின் கார் புகைந்துகொண்டு நிற்கிறது. கீழே இன்னொரு பட்டறைக்காரன் கணேஸ்வரன் எழுதியிருக்கிறான்: "எஸ்டேட்ல டிராக்டர் பாத்தவங்ககிட்ட ரேஸ் காரைக் குடுத்தா இப்படித்தான் லா." அதற்கு நாற்பது பேர் சிரித்திருக்கிறார்கள். வாங்கிய மீனைத் தட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சிரிக்கட்டும். கலும்பாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஒன்பது வருடம் டிராக்டருக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவள் நான். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஜெராமில் சொந்தப் பட்டறை போட்டு ஆறு வருடமாகிறது. கியர்பாக்ஸ் வேலை மட்டும்தான். முதல் ஐந்து வருடம் மீன் லோரியும் வேனுமாகத்தான் வந்தன. ரேஸ் கார் என்று முதலில் வந்தது தேவனுடையது. அது நன்றாக ஓடியதைப் பார்த்துத்தான் இன்னும் ஏழு பேர் வந்தார்கள். இந்தப் பேர் போனால் ஏழு பேரும் போவார்கள். புஷ்பா என்ற பெயரை அப்புறம் யார் நம்புவார்கள்?

தேவன் ராவாங்கில் தொழிற்சாலை சூப்பர்வைசர். கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டு அந்தக் காரை வாங்கினான். நாலு சக்கரமும் இழுக்கிற கார். என்ஜின் பலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்க நடுவில் ஒரு பெட்டி, அதற்குள் அடுக்கடுக்காகக் கிளச் தட்டுகள். ரோட்டில் ஓட்டினால் அது பத்து வருடம் உழைக்கும். தடத்தில் அரை மணி நேரம் விரட்டினால் உள்ளே எண்ணெய் கொதிக்கும். அதனால் தட்டுகளையும் பேரிங்கையும் மாற்றி, எண்ணெய் ஆற வழிசெய்து, போன வருடம் ஆயுத பூஜை அன்றைக்குத்தான் கட்டி முடித்தேன். பின்சக்கரம் இரண்டும் கழன்று கிடக்க, கார் ஸ்டாண்டில் நின்றபடியே பூஜை நடந்தது.

குழுவிலேயே பதில் போட்டேன். "நாளைக் காலை பத்து மணி, என் ஒர்க்‌ஷாப். காரைக் கொண்டாங்க. எல்லாருக்கும் லைவ்ல காட்டித் திறக்கிறேன். தப்பு என்னுதுன்னா ரேஸ் காரைத் தொட மாட்டேன், டிராக்டருக்கே போறேன்." அனுப்பியது அனுப்பியதுதான்.

மறுநாள் பத்தே காலுக்குக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு ட்டோ லோரி வந்தது. பின்னாலேயே கணேஸ்வரன் தன் பட்டறைப் பெயர் போட்ட சட்டையோடு இறங்கினான். கோலாலம்பூரில் குளிர்சாதனம் போட்ட பட்டறை அவனுக்கு. லோரியிலிருந்து இறங்கிய தேவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"எதுக்குக்கா வீம்பு? மன்னிப்பு கேட்டு ஒரு வீடியோ போட்டுடுங்க. நான் வேற பெட்டி போட்டுக் குடுக்கிறேன்" என்றான் கணேஸ்வரன்.

"நீ போனைத் தூக்கிப் பிடி, அது போதும். என் கை ஃபிரேம்ல வரணும்" என்றேன்.

காரை ஏற்றி, பெட்டியின் எண்ணெயை வடித்தேன். கறுப்பு. தீய்ந்த வாடை. அதை ஒரு சோடா போத்தலில் பிடித்து, உள்ளே போய் அலமாரியிலிருந்து மூன்று போத்தல்களை எடுத்து வந்து மேசையில் வரிசையாக வைத்தேன். எல்லாம் இதே பெட்டியிலிருந்து எடுத்தவை. ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டியிருக்கும். இது எஸ்டேட் பழக்கம். அங்கே எது உடைந்தாலும் பட்டறைக்காரன் மேல்தான் விழும். வண்டியை ஓடையில் இறக்கிவிட்டு வந்து "நீங்க சரியா பாக்கல" என்பார்கள். அதனால் வடித்த எண்ணெயை நான் கொட்டவே மாட்டேன்.

"பாத்துக்கோ. பிப்ரவரி, மே, ஆகஸ்ட். மூணு தடவை தடத்துல ஓடிட்டு வந்தப்ப எடுத்தது. எப்படி இருக்கு?"

"பால் ஊத்தாத தே ஓ மாதிரி" என்றான் தேவன். அன்று அவன் பேசிய முதல் வார்த்தை.

"இப்ப எடுத்தது?"

கணேஸ்வரன் குறுக்கே விழுந்தான். "தட்டு அடுக்கினது தப்பா இருந்தா லேட்டாவும் எரியும்கா."

"எரியாது. தப்பா அடுக்கியிருந்தா பிப்ரவரியிலயே எரிஞ்சிருக்கும். சந்தேகமா இருந்தா பாரு."

பெட்டியை இறக்கிப் பிரித்தேன். இரண்டு மணி நேரமாகிவிட்டது. இறுக்கியதற்கு அடையாளமாக நான் போட்ட வெள்ளைக் கோடு ஒவ்வொரு போல்ட்டிலும் அப்படியே இருந்தது, ஒன்றுகூடத் தளரவில்லை. பேரிங் சுற்றியது, பற்கள் முழுசாக இருந்தன. கிளச் தட்டுகள் மட்டும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மாதிரி நீலம் பூத்துக் கருகியிருந்தன. ஒரு தட்டு மட்டும் கருகியிருந்தால் என் கை தப்பு. எல்லாம் கருகியிருந்தால் பெட்டி ஒரு நொடிகூட ஓய்வில்லாமல் வழுக்கிக்கொண்டே ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ஏன் வழுக்க வேண்டும்?

"ஆகஸ்ட்டுக்கு அப்புறம் இந்தக் கார்ல என்ன மாத்தின?" என்று தேவனைக் கேட்டேன்.

"ஒண்ணும் மாத்தலக்கா."

"தேவன்."

"டயர் மட்டும்தான்கா. அதே கம்பெனி, அதே சைஸ்."

"எத்தனை?"

"ரெண்டு. பின்னாடி மட்டும்."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனாலும் வாயால் சொல்லிப் பயனில்லை, காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுத் தையல்காரி பிரேமலாவிடம் ஓடிப்போய் அளவு நாடா வாங்கி வந்தேன். முன்னே ஒரு சக்கரம், பின்னே ஒரு சக்கரம் கழற்றி, முன்டயரைச் சுற்றிப் பிடித்தேன், பிறகு பின்டயரை. கணேஸ்வரனையே படிக்கச் சொன்னேன். மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். புது டயர் முழுசாக இருக்கிறது, பழையது தேய்ந்து இளைத்துவிட்டது.

"மூணு சென்டிதானே" என்றான். ஆனால் குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"மூணு சென்டிதான். ரெண்டு பேர் கையோட கையைக் கட்டிக்கிட்டு நடக்கிறாங்க, ஒருத்தரோட காலடி சின்னது. கடைக்குப் போய்ட்டு வர்றவரைக்கும் தாங்கும். நாள் முழுக்க ஓடச் சொன்னா? ஒவ்வொரு சுத்துலயும் முன்சக்கரம் கூடச் சுத்துது, பின்சக்கரம் குறைச்சு சுத்துது, நடுவுல இந்தத் தட்டுதான் அதைத் தாங்கி வழுக்குது. நேத்து நாப்பது ரவுண்டு ஓட்டியிருக்கான். எரியாம என்ன செய்யும்?"

அப்புறம் அவன் போன் கேமராவுக்கு நேராகவே திரும்பினேன். "எஸ்டேட்ல நாலு சக்கரமும் இழுக்கிற டிராக்டருக்கு ரெண்டு டயரை மட்டும் மாத்தினா, தோட்டத்து சேத்துல ஒண்ணும் ஆகாது, சறுக்கித் தப்பிச்சிக்கும். அதையே தார் ரோட்டுல ஓட்டிட்டு வந்தா பெட்டி போயிடும். நான் எத்தனை பெட்டி மாத்தியிருக்கேன் தெரியுமா? டிராக்டர் பாத்தவளுக்குத்தான் இது தெரியும். எழுதினவங்க எழுதிக்கோங்க!"

கணேஸ்வரனின் காது சிவந்துவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தை ஏன் மறைக்க வேண்டும்? விசிலடிக்காத குறைதான். அந்த வேகத்தில்தான் தேவனிடம் திரும்பி, கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டேன்.

"ஏன்டா, படிச்சவன்தானே நீ! மாத்தினவன் நாலையும் மாத்த வேண்டியதுதானே? முன்டயரை எதுக்குக் கட்டிக்கிட்டு அழுத?"

தேவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "அந்த ரெண்டு டயர்ல நீங்கதானேக்கா பொட்டு வச்சீங்க."

"என்ன?"

"ஆயுத பூஜை அன்னிக்கு. பின்சக்கரம் கழட்டி வச்சிருந்துச்சு. முன்னாடி ரெண்டுக்கும் சந்தனம் குங்குமம் வச்சிட்டு, 'இந்த டயர் இருக்கிறவரைக்கும் உன்னை யாராலயும் முந்த முடியாதுடா'ன்னு சொன்னீங்க. மூணு தடவையும் ஜெயிச்சேன். கடைக்காரன் நாலையும் மாத்தச் சொன்னான்கா. எனக்குத்தான் மனசு வரல."

ஐயோ, அலாமாக். சொன்னேன்தான். வாயில் சுண்டலை அடக்கிக்கொண்டு, எல்லாரையும் சிரிக்க வைக்கச் சொன்னேன். டயர் தேய்கிற சாமான் என்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியவளும் நான்தான், அதைச் சாமியாக்கி அனுப்பியவளும் நான்தான். கழற்றிச் சாய்த்து வைத்திருந்த முன்சக்கரத்தைத் திருப்பினேன். ரிம்மின் உள்பக்க இடுக்கில் மஞ்சளும் சிவப்புமாக ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. நகத்தால் சுரண்டினேன். அது வரவில்லை.

கணேஸ்வரன் அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி சிரித்தான். போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தான்.

"கேட்டீங்களா எல்லாரும்? தப்பு அக்காவுதுதானாம். நேத்து என்ன சொன்னீங்க? டிராக்டருக்குப் போறேன்னீங்க. எப்ப கிளம்புறீங்க?"

போனை அணைக்கச் சொல்லியிருக்கலாம். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று மழுப்பியிருக்கலாம். தேவன்கூட, "அக்கா மேல தப்பில்லைண்ணே, நான்தான்" என்று முணுமுணுத்தான். எனக்கு எவன் தயவும் வேண்டாம். கையிலிருந்த கரியைச் சட்டையில் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"ஆமா, நான்தான் சொன்னேன். என் வாய்தான் இந்தத் தட்டை எரிச்சுது. அதுக்கு இவன்கிட்ட எல்லார் முன்னாலயும் மன்னிப்பு கேக்கிறேன். தேவன், மன்னிச்சிக்கோடா. ஆனா இந்தக் கை கட்டின பெட்டியில ஒரு போல்ட்டு அசையல, நீயே பாத்த, முந்நூறு பேரும் பாத்தாங்க. தப்புப் பண்ணினது வாய். வேணும்னா அதை மூடிக்கிறேன். ஒர்க்‌ஷாப்பை மூட மாட்டேன்."

கணேஸ்வரன் போனை இறக்கிக்கொண்டான். நான் தேவனை விரட்டினேன்.

"என்னடா நிக்கிற? போய் ஒரே மாதிரி நாலு புது டயர் வாங்கிட்டு வா. புதன்கிழமை பெட்டி ஏறும். பொட்டெல்லாம் கிடையாது."

அவன் போனதும் அந்த முன்சக்கரத்திலிருந்து டயரைக் கழற்றினேன். ரிம்மில் மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய துணியால் குங்குமத்தை அழுத்தித் தேய்த்தேன். போகிறவரை தேய்த்தேன்.