ஏழாவது படியில் இருந்த பெயர்

மூன்றரை மணிக்குள் நான் ஆபீஸ் நாற்காலியை விட்டு எழுந்தாக வேண்டும். நாலு மணிக்கு ரயில். நாளைக் காலை அம்மாவுக்கு இதய ஆபரேஷன். இந்த ரயிலை விட்டால் தியேட்டருக்குள் போகும்முன் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. இதை மேனேஜரிடம் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது.

"போங்கம்மா, யார் வேணாம்னா? அந்தக் கருவியை ஓட்ட இன்னொருத்தருக்குத் தெரியட்டும், அப்புறம் போங்க" என்றார்.

கருவி என்றால் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். அதைச் செய்தவள் நான். நாற்பது சர்வர் கம்ப்யூட்டர்கள் கூட்டாக நின்று ஆறு ஆஸ்பத்திரிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சுமக்கின்றன. அந்தக் கூட்டுக்குத்தான் கிளஸ்டர் என்று பெயர். ஒவ்வொரு சர்வராக செட்டிங் மாற்றி மாளாது என்று, ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றி, அணைத்து, மறுபடி தொடங்க வழி செய்தேன். செய்ததோடு சரி. ஆறு வருஷமாக அதைப் பற்றி ஒரு வரி எழுதி வைக்கவில்லை. எல்லாம் என் விரல் நுனியில் இருக்கும்போது எழுதுவானேன் என்ற திமிர்தான்.

இந்த வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பது படிகளாக எழுதினேன். எங்கள் ஆபீசில் எழுதினால் மட்டும் போதாது. விஷயமே தெரியாத ஒருவர் அந்தப் பக்கத்தை மட்டும் படித்து வேலையை முடித்துக் காட்ட வேண்டும். எழுதியவர் பின்னால் உட்கார்ந்திருக்கலாம். வாயைத் திறந்தால் பக்கம் தோற்றது, மறுநாள் மறுபடி சோதனை. பழகுவதற்கென்று மூன்று பழைய சர்வர்களைத் தனிக் கிளஸ்டராக ஒதுக்கி, அதன் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, தேடிப்பிடித்து ரிசப்ஷனில் போன் எடுக்கும் அக்காவை என் லாகினில் உட்கார வைத்தார் மேனேஜர்.

அக்கா ஒவ்வொரு வரியையும் உதடு அசைய இரண்டு தடவை படித்தார். நடுவில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓர் எழுத்தை அடித்துவிட்டு அடுத்த எழுத்தை விசைப்பலகை முழுக்கத் தேடினார். மூன்றாவது படிக்கே மணி மூன்றாகிவிட்டது. என் முழங்கால் தானாக ஆடியது. மேனேஜர் அதையே முறைத்தார். பிடுங்கி நானே அடித்துவிடலாமா என்று கை பரபரத்தது. தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

ஏழாவது படி. கட்டளையின் கடைசியில் கிளஸ்டரின் பெயர் வர வேண்டும். உதாரணத்துக்கு ஒரு பெயர் எழுதியிருந்தேன். யோசிக்காமல், கைப்பழக்கத்தில், ஆஸ்பத்திரிகளின் நிஜக் கிளஸ்டர் பெயரையே எழுதித் தொலைத்திருந்தேன். அக்கா அதை எழுத்துக்கு எழுத்து பார்த்து அடித்தார். அவர் மேல் என்ன தப்பு? நான் எழுதிக் கொடுத்த பக்கத்தில் இருந்தது அதுதான்.

'நாற்பது சர்வர்களும் இப்போது மறுபடி தொடங்கும். தொடரலாமா?' என்று திரை கேட்டது. கேட்டால் 'ஆம்' என்று அடிக்கவும் என்று எட்டாவது படியில் நானே எழுதியிருந்தேன். அக்கா அடித்தார். என்டரை அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

வாயைத் திறந்தால் ரயில் போச்சு. திறக்காவிட்டால் ஆறு ஆஸ்பத்திரிகளிலும் அரை மணி நேரம் ஒரு ரிப்போர்ட்டும் திறக்காது. அங்கேயும் யாருடைய அம்மாவோ படுத்திருப்பாள் என்ற பெருந்தன்மையெல்லாம் எனக்கு வரவில்லை. அரை மணி நேரம்தானே என்றது மனசு. உள்ளதைச் சொல்கிறேன், நான் சும்மா இருந்தேன். அக்காவின் விரல் இறங்கியது.

"அக்கா, கையை எடுங்க!" என்று கத்திவிட்டேன்.

அக்கா பதறி நாற்காலியோடு பின்னால் உருண்டார்.

"பேசிட்டீங்க" என்று ஆரம்பித்த மேனேஜர் திரையைப் பார்த்ததும் வெளிறிப்போனார். "இப்படி ஒரு பக்கத்தை நம்பி உங்களை எப்படிம்மா அனுப்புறது? நாளைக்குத்தான்."

அவர் சொன்னது நியாயம். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது, கூடவே அழுகையும்.

"சார், அந்தப் பேரை மட்டும் திருத்தச் சொல்லுங்க. முதல்ல இருந்து நானே செய்றேன், இப்பவே" என்றார் அக்கா.

"ரூல்படி நாளைக்குத்தான்..."

"அப்ப அவங்க அம்மாகிட்ட நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க, ரூல்னு."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, திருத்துங்க என்று என்னிடம் கை காட்டினார். நான் பெயரை அழித்து, எந்தக் கிளஸ்டரோ அதன் பெயரை இங்கே எழுதவும் என்று மாற்றினேன். இந்தத் தடவை அக்காவின் உதடு அசையவில்லை. ஆறு நிமிஷத்தில் ஒன்பது படியும் முடிந்தது. மூன்று பழைய சர்வர்களும் அணைந்து எழுந்தன.

"சரி, கிளம்புங்க" என்றார் மேனேஜர், என் முகத்தைப் பார்க்காமல்.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அக்கா லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்தார்.

"திரையில உன் முகம் தெரிஞ்சுது" என்றார் மெதுவாக. "என்ன ஆகப்போகுதுன்னு தெரிஞ்சும் கொஞ்ச நேரம் பேசாமதான இருந்த?"

எனக்குக் காது சுட்டது. "ஆமாக்கா."

அக்கா என் தோள்பையின் பட்டையை நேராக்கிவிட்டார். "நானா இருந்தா கடைசி வரைக்கும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஓடு."

கதவு மூடியது. நாற்பது சர்வர்களையும் அந்த அக்காவை நம்பி விட்டுவிட்டு நான் ஓடினேன்.