சாப்பிட்டு முடிக்கட்டும்

கப்பல் பவளப்பாறைக்கு வெளியிலேயே நின்றுகொண்டது. நியூசிலாந்தின் வெலிங்டன் நகரத்து அதிகாரியைச் சின்னப் படகு கரைக்குக் கொண்டுவந்தது. மெரிக் என்று பேர். பசிபிக் கடலிலுள்ள டோக்கெலாவின் மூன்று தீவுகளையும் அங்கிருந்தே மேற்பார்வை பார்க்கிறவர்.

"வெள்ளைத் தொப்பி போட்டிருக்காரே, அவர்தான்" என்றாள் ஊர் அலுவலகத்துச் சூலு. "காகிதத்த இப்பவே நீட்டிடட்டுமா அக்கா?"

லூஹியா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். மகள் ஹீனா சமோவாவில் ஆப்பியா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இதயத்தில் ஓட்டை, நியூசிலாந்துக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பாள் என்று டாக்டர் எழுதிவிட்டார். ஊர்ச்சபை உடனே ஒத்துக்கொண்டது. பாக்கி மெரிக்கின் கையெழுத்து மட்டும்தான். காகிதம் வெலிங்டன் போய்ச் சேர்ந்தபோது ஆள் கப்பலில் இருந்தார், இங்கே வருகிற கப்பலில்; காகிதம் இங்கேயே திரும்பி வந்துவிட்டது.

"கிறுக்கா உனக்கு? வந்த மனுஷன் கால்ல இருக்கிற தண்ணிகூடக் காயல. சாப்பிட்டு முடிக்கட்டும்" என்றாள் லூஹியா.

"நீ சொல்றதுதான் சரி" என்றார் ஊர்ச்சபைத் தலைவர் ஃபலனிக்கோ. "வழி பூரா வாந்தி எடுத்துட்டு வந்தவன். இப்ப நீட்டினா காகிதத்து மேலயே எடுப்பான்."

சூலு சிரிக்கவில்லை.

மாலை போட்டார்கள். பேச்சு முடிய மத்தியானமாயிற்று. ஊரில் என்ன குறை என்று மெரிக் கேட்டார். ஒரு குறையும் இல்லை என்றார் ஃபலனிக்கோ. விருந்தாளியிடம் வேறென்ன சொல்வது? லூஹியா அவருக்கு ஈரப்பலா வைத்தாள், மீனில் முள் எடுத்துக் கொடுத்தாள்.

நடுவில் ஹீனா போன் செய்தாள்.

"வந்துட்டாராம்மா?"

"வந்துட்டாருடி. சாப்பிடறாரு."

"என்ன போட்டீங்க?"

"நண்டு."

"அடப்பாவிகளா. நான் இல்லாதப்பதான் நண்டு." மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டாள்: "கேட்டியாம்மா?"

"நாளைக்குக் காலையில. இன்னிக்கு அவருக்காக ஆட்டம் இருக்கு. இப்பவே கேட்டா நாம ஆலாப் பறக்கிற ஜனம்னு நினைச்சிடுவாருடி."

"சரிம்மா. நல்லா ஆடு."

லூஹியா ஆடினாள். பெட்டி மேளத்துக்குப் பக்கத்திலேயே நின்று ஆடினாள்.

மறுநாள் அவர் காலைச் சாப்பாடு முடித்துக் கை கழுவிய பிறகு சூலு காகிதத்தைக் கொடுத்தாள். படித்தவரின் முகம் சிவந்தது. ஃபலனிக்கோவிடம் ஏதோ கேட்டார்.

"இது எப்ப வந்துச்சுன்னு கேக்கறாரு."

"முந்தாநாள்" என்றாள் லூஹியா.

"நான் படகுலேர்ந்து இறங்கினப்பவே உங்க கையில இருந்துச்சான்னு கேக்கறாரு."

"இருந்துச்சு. அவரு பசியா இருந்தாருன்னு சொல்லு."

மெரிக் முழங்காலிலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். சூலு அதை வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். ஆப்பியாவிலிருந்து ராத்திரி ஆக்லாந்து விமானம் உண்டு, அதில் இடம் வாங்கிவிடலாம் என்றார் ஃபலனிக்கோ. ஹீனாவின் குளிர்ச்சட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கினாள் லூஹியா.

சூலு திரும்பும்போது நடந்து வந்தாள்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பினேன் அக்கா." அவள் மண்டபத் தூணைப் பிடித்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து பதிலும் வந்துருச்சு. விடியக்காலம் நாலு மணிக்கு மூச்சு நின்னுடுச்சாம்."

லூஹியா பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த ஓலையை உள்ளே தள்ளினாள். அது மறுபடி வெளியே வந்தது. மறுபடி தள்ளினாள்.

மெரிக் அவளைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். 'நேற்றே' என்ற அளவில் அவளுக்குப் புரிந்தது. ஃபலனிக்கோ அதை மொழிபெயர்க்கவில்லை.

"அவள இங்க கொண்டாரணும்" என்றாள் லூஹியா. "அதுக்கும் இவரு கையெழுத்து வேணுமான்னு கேளு."

வேண்டும் என்று மெரிக் தலையசைத்தார். பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார்.

"பேரும் வயசும் சொல்லணுமாம்" என்றார் ஃபலனிக்கோ.

"ஹீனா. இருபத்தாறு. சீக்கிரம் எழுதச் சொல்லு."