மூலையறை உழைப்பாளி

புது மென்பொருள் வந்த முதல் வாரம் முழுக்கக் கட்டட மேலாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. எந்த அறையில் ஆள் இருக்கிறது, எது காலி என்பதெல்லாம் அவள் கைபேசியிலேயே தெரிந்தது. உள்ளே ஏதாவது அசைந்தால் அறை சிவப்பு. அசைவு நின்றால் பச்சை. விளக்கும் ஏசியும் தானாகவே அணைந்துவிடும். ஆனால் மூலையறை மட்டும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சிவப்பாகவே இருந்திருக்கிறது. திங்கட்கிழமை வந்ததும் வராததுமாக அதை இயக்குநரிடம் காட்டினாள்.

"லீவு நாள்லயும் வேலையா! இப்படி ஒரு உழைப்பாளி நம்ம ஆபீஸ்லயா?" அவருக்குத் தலைகால் புரியவில்லை. "வாம்மா, நேர்லயே போய்க் கைகுலுக்கிட்டு வருவோம்!"

லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் இருவரும் ஓட்டமும் நடையுமாக மாடியேறினார்கள். அவள் கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. இயக்குநரின் பதவி உயர்வுக்காக வெள்ளிக்கிழமை நடந்த விருந்தில் நாற்காலியில் கட்டிய பலூன் மட்டும் ஏசிக் காற்றில் ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. "சார், பலூன் ஆடறதால ஏசி அணையல. ஏசி அணையாததால பலூன் ஆடுது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு வேலை வாங்குது!"

இயக்குநர் பலூனை முறைத்தார். அதில் அச்சடித்திருந்த அவருடைய முகமே அவரைப் பார்த்துச் சிரித்தது.

"அப்ப சரி," என்றார் அவர். "ஞாயித்துக்கிழமை வேலை பார்த்தது நான்தான்னே ரிப்போர்ட்ல போட்டுடு!"