நாற்பத்து நான்கு முறை ‘ஆம், புரிந்தது’

1

இந்தக் கதை பிறந்தது குற்ற உணர்ச்சியில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்துவிட்டான் என்று யாரும் பேசக்கூடாது. குற்றம் யாருடையது என்பதை மூன்றாம் பகுதியில் பொய்யாகவும் ஐந்தாம் பகுதியில் மெய்யாகவும் சொல்வேன். பொய் முன்னால் வருவதற்குக் காரணம், அதைத்தான் முதலில் எழுதினேன். நன்றாகவும் எழுதியிருந்தேன். தூக்கிப்போட மனம் வரவில்லை.

நாயகி என் அண்ணி. அண்ணனின் மனைவி, வயது முப்பத்தாறு. வீட்டில் நாங்கள் நான்கு பேர்: அண்ணி, லிஃப்ட் பழுதுபார்க்கும் அண்ணன், அம்மா, நான். என் தொழில் எழுதுவது. ‘எழுதுகிறான்’ என்று அண்ணன் மற்றவர்களிடம் சொல்லும்போது, காய்ச்சல்காரனைப் பற்றிச் சொல்வதுபோல் குரல் இறங்கும்.

2

தொடக்கம் ஒன்று: “அன்று காலையிலிருந்தே மழை—”

(வெட்டியாயிற்று. மழை பெய்யவில்லை. என்ன எழுதுவதென்று தெரியாதபோதெல்லாம் மழையைக் கூப்பிடுவது எனக்கொரு கெட்ட பழக்கம்.)

தொடக்கம் இரண்டு: “புள்ளியியல் என்பது நிச்சயமின்மையை அளக்கும் கலை. மனித வாழ்வும்—”

(இதுவும் போயிற்று. ‘மனித வாழ்வும்’ என்று ஆரம்பித்த வாக்கியம் எதுவும் இதுவரை உருப்பட்டு நான் பார்த்ததில்லை.)

தொடக்கம் மூன்று: “அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். ஃபிரேமை வாடிக்கையாளரின் மூக்கில் உட்காரவைத்து, இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தைச் சின்ன ஸ்கேலால் அளந்து, லென்ஸில் மையப் புள்ளியைப் பேனாவால் குறித்து, இயந்திரத்தில் மாட்டி ஓரத்தைத் தேய்ப்பாள். புள்ளி கொஞ்சம் தள்ளிப்போனாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி. பதினோரு வருடத்தில் அவளால் தலைவலி வந்தவர்கள் நான்கு பேர். நான்கு பேரின் முகமும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.”

இது தேறும். ஆனால் அண்ணி படித்துவிட்டுக் கேட்டார்:

“நேர்ல ‘நீங்க’. கதையில மட்டும் ‘அவள்’ஆ?”

“கதையில எல்லாரும் அவள்தான் அண்ணி.”

“உங்கம்மாவுக்கு மட்டும் ‘அவர்’னு போட்டிருக்க?”

“அம்மா படிப்பாங்களே.”

“அப்ப நான் படிக்காம சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பேனா?”

(‘அவள்’ என்றே விடுகிறேன். ‘அவர்’ என்று எழுதினால் அண்ணி கதையை விட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விடுவதுபோல் இருக்கிறது.)

அவளுக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது வெறும் கேலியாகப் போய்விடும். யாரோ சோதித்து எழுதிக் கொடுத்த பவருக்கு லென்ஸ் வெட்டிக் கொடுத்து அவளுக்கு அலுத்துவிட்டது. கண்ணைத் தானே சோதிக்க வேண்டும். ‘இப்ப தெளிவா இருக்கா? இப்ப?’ என்று கேட்கிற நாற்காலிக்கு அந்தப் பக்கம் தான் நிற்க வேண்டும். அதற்காக இரண்டு வருடம் மாலைநேரக் கல்லூரியில் படித்து முடித்தாள். பல்கலைக்கழகம் அவளைக் கண் பரிசோதனைப் படிப்பில் நேரே மூன்றாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தது. ஒரே ஒரு நிபந்தனை: நான்கு மாதத்துக்குள் புள்ளியியலில் தேறிய சான்றிதழ். இல்லையென்றால் முதலாம் ஆண்டிலிருந்து. அத்தனை வருடம் அரைநாள் வேலை கொடுக்கக் கடை முதலாளி தயாராக இல்லை. ஆக, சான்றிதழ் இல்லையென்றால் படிப்பே இல்லை.

இணையத்தில் ஒரு பாடத்திட்டம் கிடைத்தது. பன்னிரண்டு பாடங்கள். ‘உங்கள் வேகத்தில் படியுங்கள்’ என்று முகப்பில் சிரித்த முகத்தோடு ஒரு பெண் சொன்னாள்.

3

(பொய்ப் பகுதி. எழுதியபடியே தருகிறேன்.)

“அவளுடைய வேகம் நான்காம் பாடத்தில் வந்து நின்றது. திட்டவிலக்கம். அதாவது, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதற்கு ஓர் அளவு. ஒரே வீடியோவை ஐந்து வாரம் பார்த்தாள். திரையின் மேலே ஓடும் பச்சைக் கோடு முப்பத்தொரு சதவிகிதத்தில் அடம்பிடித்து நின்றது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ‘புரிந்ததா?’ என்று கேட்டு, ‘ஆம், புரிந்தது’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான்கள் வரும். அவள் நேர்மையாக ‘இல்லை’யை அழுத்துவாள். வீடியோ மறுபடி முதலிலிருந்து ஓடும்.

வீட்டில் எல்லோர் கண்ணும் அந்தக் கோட்டின்மேல்தான். சாப்பிட உட்காரும்போது கணவன், ‘இன்னும் முப்பத்தொண்ணுதானா?’ என்பான். அவன் கேலியாகக் கேட்கவில்லை. ஆனாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

இதைப் பார்த்துப் பார்த்து மாமியாருக்கு மனம் கேட்கவில்லை. மருமகள் கடைக்குப் போனபின் கணினி முன்னால் உட்கார்ந்தார். மடிக்க வேண்டிய துணிகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு வீடியோவை ஓடவிட்டார். கேள்வி வரும்போதெல்லாம் ‘ஆம், புரிந்தது’. குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டி நிரம்பக் காத்திருப்பதுபோல. மூன்றே மணி நேரத்தில் கோடு நூறைத் தொட்டது. திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. கீழே ஒரு செய்தி: வாழ்த்துகள்! உங்கள் இறுதித் தேர்வு திறக்கப்பட்டது. பத்து நாட்களுக்குள் எழுத வேண்டும். ஒரே ஒரு வாய்ப்பு.”

4

வாசகரே, இந்த இடத்தில் நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எல்லா வீடியோவையும் பார்த்த மாமியாருக்குப் புள்ளியியல் அத்துப்படி ஆகியிருக்கும், சமையலறையில் வைத்து மருமகளுக்கு நிகழ்தகவைச் சொல்லிக் கொடுப்பார், கண்கள் பனிக்கும். எனக்கும் அந்த ஆசை வந்தது. அரைப் பக்கம் எழுதியும்விட்டேன்: “மாமியார் கத்தரிக்காயை நறுக்கியபடி, ‘மாதிரினா என்ன தெரியுமா—’”

சரிப்படவில்லை. அதற்குள் அம்மாவே வந்துவிட்டார். கணினி வீட்டுக்கு ஒன்றுதான். கோப்பை மூடாமல் எழுந்து போனது என் தப்பு.

“நான் எப்படா இதெல்லாம் பண்ணேன்?”

“கதைம்மா. கற்பனை.”

“கற்பனையா? அப்ப எதுக்கு உங்கண்ணிகிட்ட, ‘அம்மா ஏதாவது தெரியாம அமுக்கியிருப்பாங்க’னு சொன்ன? அதுவும் கற்பனையா?”

நான் சாளரத்தைப் பார்த்தேன்.*

“இன்னொண்ணு கேட்டுக்க,” என்றார் அம்மா. “நானா இருந்தா ‘இல்லை’யத்தான் அமுக்கியிருப்பேன். புரியாததப் புரிஞ்சதுன்னு சொல்ற வழக்கம் நம்ம வீட்ல ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருக்கு.”

*பொய் சொல்லிப் பிடிபட்டவர்கள் என் கதைகளில் எப்போதும் சாளரத்தைப் பார்ப்பார்கள். நேரில் பார்த்தது ஜன்னலைத்தான்.

5

மெய்.

அழுத்தியது நான். நாற்பத்து நான்கு தடவையும்.

அண்ணியின் மேல் பாசத்தால்தான் செய்தேன், அதை யாரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது. அந்த முப்பத்தொன்று அவரைத் தின்றுகொண்டிருந்தது. கோடு கொஞ்சம் நகர்ந்தால் தெம்பு வருமே என்று நினைத்தேன். ஒரு பகுதியை மட்டும் தாண்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பச்சைக் கோடு நகர்வதைப் பார்க்க எனக்கே ஆனந்தமாகிவிட்டது. என் கதை எதுவும் அப்படி நகர்ந்ததில்லை. ஒலியை அணைத்து, இரட்டை வேகத்தில் ஓடவிட்டேன். நூறானால் தேர்வு திறக்கும் என்று எங்கேயோ எழுதியிருந்ததாம். நான் எதையும் படிக்கவில்லை.

அன்று மாலை அண்ணி கடையிலிருந்து வந்து திரையைப் பார்த்தார். பையைத் தோளிலிருந்து எடுக்கவே இல்லை. பாடத்திட்டத்தின் உதவிப் பிரிவுக்குக் கடிதம் எழுதினார். உடனே பதில் வந்தது: ‘தாங்கள் நாற்பத்து நான்கு முறை புரிந்ததாக உறுதியளித்திருப்பதால் பாடங்களைத் திரும்ப மூட இயலாது. தேர்வில் வெற்றிபெற வாழ்த்துகிறோம்.’

நான் அம்மாமேல் பழி போட்டது அப்போதுதான். மறுநாளே மூன்றாம் பகுதியை எழுத உட்கார்ந்தேன். எழுதிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு நப்பாசை.

அண்ணி என்னைக் கேட்கவில்லை. கடையில் விடுப்பு சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்தார். நான்காம் பாடத்தை இந்த முறை வீடியோவில் பார்க்கவில்லை. தான் வெட்டிய லென்ஸ்களின் குறிப்பேட்டை எடுத்து, எது எவ்வளவு தள்ளிப்போனது என்று ஒரு தாளில் எழுதினார். அரைமணி நேரம் கழித்து, “அட, இவ்வளவுதானா!” என்று கத்தினார். ஐந்து வாரக் கஷ்டம் அத்தோடு தீர்ந்தது. ஆறாம் நாள் ஒன்பதாவது பாடத்துக்கு வந்துவிட்டார். கருதுகோளைச் சோதிப்பது எப்படி என்ற பாடம்.

“இங்க வா, உக்காரு,” என்றார். “எனக்கு ஒரு உதாரணம் வேணும். முதல்ல நீ நிரபராதின்னு வெச்சுப்போம்.”

“எதுல?”

“சும்மா, உதாரணத்துக்கு. அந்தப் பொத்தான வீட்ல யாரு வேணும்னாலும், எப்ப வேணும்னாலும் அமுக்கியிருக்கலாம். நாம முழிச்சிருக்கறது பதினாறு மணி நேரம். சரியா?”

“சரி.”

“ஒவ்வொரு தரம் அமுக்கின நேரமும் இதுல பதிவாகியிருக்கு. நாப்பத்துநாலும் காலைல பத்துலேர்ந்து ஒரு மணிக்குள்ள. அந்த மூணு மணி நேரமும் அத்தை போன்ல சீட்டு விளையாடுவாங்க. கேட்டுப் பாத்தேன், அன்னிக்கு மட்டும் பத்தொம்பது ஆட்டம் ஜெயிச்சிருக்காங்க. ரெண்டு கையும் போன்ல. உங்கண்ணன் லிஃப்டுக்குள்ள. நான் கடையில. நீ நிரபராதியா இருந்து, தற்செயலா மட்டும் இது இப்படி விழ வாய்ப்பு எவ்வளவு தெரியுமா?”

தாளைத் திருப்பிக் காட்டினார். புள்ளி வைத்து, அதற்கப்புறம் முப்பத்தொரு சைபர், கடைசியில் ஒரு ஒன்று.*

“அதனால,” என்றார், பாடத்தில் வருகிற அதே குரலில், “நீ நிரபராதிங்கற கருதுகோள நான் நிராகரிக்கிறேன்.”

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கப் போவதில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

“அமுக்கினதுகூடப் பரவால்ல,” என்றார் அண்ணி. “எனக்காகப் ‘புரிஞ்சது’ன்னு சொல்ல நீ யாரு? எனக்குப் புரியலங்கறது என்னோட விஷயம். அதையும் நீ எடுத்துக்கிட்டா எப்படி?”

அதற்குப் பதில், எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

*அடுத்த பாடம் படித்தபின் அண்ணி இந்தக் கணக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஒரே உட்காரலில் அடுத்தடுத்து அழுத்தியதை நாற்பத்து நான்கு தனித்தனி நிகழ்ச்சிகளாக எண்ணக் கூடாதாம். தீர்ப்பை மட்டும் திரும்பப் பெறவில்லை.

6

பத்தாம் நாள் தேர்வு. கேமரா முன்னால் அறையைச் சுற்றிக் காட்ட வேண்டும், வேறு ஆள் குரல் கேட்கக்கூடாது என்று விதி. அண்ணன் காலிங் பெல்லின் வயரையே பிடுங்கிவிட்டார். அம்மா சீட்டாட்டத்தில் சத்தத்தை அணைத்துவிட்டு விளையாடி, நாலு ஆட்டம் தோற்றார். நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து அண்ணி வெளியே வந்தார்.

“எப்படி அண்ணி?”

“கடைசி ரெண்டு பாடத்த வேகமாத்தான் பாத்தேன். அதுலேர்ந்து நெறையக் கேட்டுட்டான்.” தண்ணீர் குடித்தார். “தெரிஞ்சத எழுதினேன். தெரியாததத் தெரியாதுன்னு விட்டுட்டேன்.”

7

இப்போது முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: தேறிவிடுகிறாள். (வேண்டாம். தேறினால் நான் செய்ததும் நன்மைக்குத்தான் என்று ஆகிவிடும். அண்ணன் அதை உடனே சொல்வார். நானும் தலையாட்டுவேன்.)

இரண்டு: ஒரு மதிப்பெண்ணில் தோற்கிறாள். (வேண்டவே வேண்டாம். ஒரு மதிப்பெண்ணில் தோற்பவர்கள் கதைகளில்தான் அதிகம்.)

மூன்று: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, இதோ, திரையின் மூலையில் ஒரு கடிதம் வந்து நிற்கிறது. ‘உங்கள் தேர்வு முடிவு.’ இது நான் கற்பனை செய்ததல்ல. மணி நான்கு. அண்ணி கடையில் இருக்கிறார். அவருடைய கணக்கு திறந்தேதான் கிடக்கிறது. ஒரு தட்டு தட்டினால் எனக்குக் கதை முடிந்துவிடும், உங்களுக்கும்.

கடைக்குப் போன் செய்தேன்.

“அண்ணி, வந்திருச்சு.”

பின்னால் இயந்திரம் லென்ஸைத் தேய்க்கும் சத்தம். அது நின்றது.

“திறந்தியா?”

“இல்ல.”

“நெஜமாவா?”

“நெஜமா அண்ணி.”

யாரோ வாடிக்கையாளர் ஏதோ கேட்டார், அவரிடம் அண்ணி ‘ஒரு நிமிஷம் சார்’ என்றார். பிறகு என்னிடம், “ஆறு மணிக்கு வந்துடறேன். அதுவரைக்கும் நீ அங்க என்ன பண்ணப்போற?”

“கதைய முடிச்சிட்டிருக்கேன்.”

“முடிக்க வேணாம். எழுந்து வெளிய போ.”

போகிறேன். நீங்களும் எழுந்து வாருங்கள். உங்களைத் தனியாக அந்தக் கடிதத்தோடு இங்கே விட்டுவிட்டுப் போக எனக்குத் தைரியம் இல்லை.