நல்லா ஓடும்போதே

வாத்தியாரின் காரில் எதுவும் பழுதானதே கிடையாது. ஆக விட்டால்தானே! டைமிங் பெல்ட் அறுவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே கழற்றச் சொல்லிவிடுவார். பேட்டரி, வாட்டர் பம்ப், பிரேக் பேட் எல்லாவற்றுக்கும் நோட்டில் தேதி. தேதி வந்துவிட்டால் ஞாயிறு காலை எட்டு மணிக்கு என் ஒர்க்ஷாப் வாசலில் ஹாரன் கேட்கும்.

இந்தப் புத்தியைக் கொடுத்த பாவி நான்தான். இருபது வருஷத்துக்கு முன் பெல்ட் அறுந்து, எஞ்சினும் போய், நடுரோட்டில் நின்றார். "நல்லா ஓடும்போதே மாத்திடணும் சார், போனப்புறம் மாத்துறது மடத்தனம்" என்று சும்மா இருக்காமல் சொல்லி வைத்தேன். மனுஷன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வீட்டு மின்விசிறி மாறியது, கதவுக் கீல் மாறியது, ஆடாத கடைவாய்ப் பல் ஒன்றும் மாறியது. பல் டாக்டர் என்னைப் போனில் கூப்பிட்டுத் திட்டினார்.

ஆனால் என் மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கென்று வருகிறவர் அவர் ஒருவர்தான். பெல்ட் மாற்ற இரண்டு மணி நேரம், பேச்சு நாலு மணி நேரம்.

போன ஞாயிறு ஒரு பெண்ணோடு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், கையில் சொந்த ஸ்பேனர் பெட்டி.

"அண்ணே, இவங்க புது மெக்கானிக்."

"யாருக்கு?"

"என் காருக்கு. உங்களுக்கு அறுபத்திமூணு முடிஞ்சுது. முட்டி வேற சத்தம் போடுது. நோட்டுல போன மாசமே தேதி தாண்டிடுச்சு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எங்கிட்ட என்ன குறையக் கண்டீங்க?"

"ஒரு குறையும் இல்ல. அதான் இப்பவே மாத்துறேன். நீங்க சொன்னதுதானே?"

"இனிமே இங்க வந்து ஹாரன் அடிச்சீங்கன்னா, ஹாரனையே கழட்டிடுவேன்!"

"அதுக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கே" என்றார்.

அந்தப் பெண் நாளைக்கு வருவதாகச் சொல்லித் தப்பித்தாள். அவர் காரின் பின்கதவைத் திறந்தார். "ஏறுங்க. கழட்டினத வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுதானே வழக்கம்?"

அவர் மனைவியிடமே நியாயம் கேட்டுவிடலாம் என்று ஏறினேன்.

வீட்டின் பின்னறை முழுக்க அலமாரிகள். இருபது வருஷமாக நான் கழற்றிய அத்தனை சாமானும் துடைத்து, எண்ணெய் பூசி, வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: கழற்றிய தேதி, 'நல்ல நிலை, யாராவது கேட்டால் கொடுக்கலாம்.' பல்லுக்கும் அதே சீட்டு.

அவர் மனைவி டீயோடு வந்தார். "என்னையும் போன வருஷம் இந்த ரூம்ல உக்கார வெக்கப் பாத்தாருண்ணே. கரண்டிய எடுத்தேன். நோட்டுல என் பக்கத்த அவரே கிழிச்சுட்டாரு."

அலமாரி முடிகிற இடத்தில் ஒரு புது நாற்காலி. வாத்தியார் அதைத் துண்டால் ஒரு தட்டு தட்டினார்.

"ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு நானே வந்து கூட்டிட்டு வரேன். வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டுப் பேசினது போதும்ணே. பாதி எனக்குக் காதுலயே விழல."

நாற்காலிக் கையில் தொங்கிய சீட்டைத் திருப்பிப் படித்தேன். 'மெக்கானிக். நல்ல நிலை. யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.'

திட்ட வேண்டியது நிறைய இருந்தது. உட்கார்ந்தேன், அழுகை வந்துவிட்டது.